கணினி நம் வீட்டில், பட்டா யார் பெயரில்?

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனியில் நாங்கள் நடத்தும் மாலை நேரப் படிப்பு மையத்தில் ஏழு கணினிகள் இருக்கின்றன. அவற்றில் புதிதாக வாங்கியது ஒன்றுகூட இல்லை. அலுவலகங்கள் கழித்துக் கட்டியவற்றையும் நண்பர்கள் கொடுத்தவற்றையும் ஒன்றொன்றாகச் சேர்த்தோம். கடந்த அக்டோபரில், பழுது பார்க்கும் கடைக்காரர் ஏழையும் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தார்: "எல்லாத்தையும் மாத்திடுங்க. விண்டோஸ் 10-க்கு இனிமே அப்டேட் வராது. 11 இதுல ஏறாது."

அவர் சொன்னது சரிதான். 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-ஐ நிறுவ வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும். எங்களிடம் இருந்தவை அந்தக் கணக்கில் வரவில்லை. ஆனால் ஏழு கணினிகளில் ஒன்றுக்கும் பழுது இல்லை. முதல் நாள் மாலைவரை பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அவற்றில்தான் படித்தார்கள். எங்கோ ஒரு நிறுவனம் ஒரு தேதியைக் குறித்தது, எங்கள் காலனியில் ஏழு கணினிகள் குப்பை ஆகிவிட்டன.

அன்று இரவு எங்களுக்குள் எழுந்த கேள்வி இதுதான்: இந்தக் கணினிகளில் உண்மையில் எங்களுக்குச் சொந்தமானது எது?

விண்டோஸ் உரிம ஒப்பந்தத்தைப் படித்தால் விடை இருக்கிறது. யாரும் படிப்பதில்லை, 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்திவிட்டுப் போகிறோம். மென்பொருள் விற்கப்படவில்லை, பயன்படுத்த உரிமம் மட்டுமே வழங்கப்படுகிறது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று பிரித்துப் பார்க்கக் கூடாது. நமக்கு ஏற்றபடி மாற்றக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுக்கக் கூடாது. மென்பொருளின் மூலநிரல், அதாவது அதை எழுதியவர்கள் எழுதிய மூல வரிகள், நிறுவனத்தின் பெட்டகத்தில் இருக்கும்.

இது எங்கள் மக்களுக்குப் புதிய அனுபவம் அல்ல. மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் குடியிருப்போம். சுவர் நம்முடையது, கூரை நம்முடையது, வீட்டு வரி ரசீதும் நம் பெயரில் இருக்கும், பட்டா மட்டும் இருக்காது. சாலை அகலப்படுத்த வேண்டும் என்று ஒரு நாள் நோட்டீஸ் வரும்போதுதான் நாம் எந்தத் தரையில் நின்றோம் என்பது தெரியும். அக்டோபர் 14-உம் அப்படி ஒரு நோட்டீஸ்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். எங்கள் கணினிகளில் பாதியில் இருந்த விண்டோஸ், கடையில் காசு கொடுத்து ஏற்றிய 'கிராக்' பிரதி. காலனியில் மட்டுமா, ஊரில் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். ஆனால் ஊர்ப் பிள்ளை செய்தால் சாமர்த்தியம், காலனிப் பிள்ளை செய்தால் திருட்டு என்று பெயர் வைக்கும் சமூகத்தில் வாழ்கிறோம். ஒரு வன்கொடுமை வழக்கில் சாட்சிகளுக்கு உதவிக்கொண்டே, எப்போது வேண்டுமானாலும் நம் மீது திருப்பக்கூடிய ஒரு குற்றத்தை மேசை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அழிக்கப்பட்ட இரண்டாவது வரி

மாற்று வழி இல்லாமல் இருந்ததா என்றால், இல்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே அது நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் தம்பி தங்கைகள் பலர் முதன்முதலில் தொட்ட கணினி அதுதான். அதை இயக்கியதும் திரையில் இரண்டு வரிகள் வரும். ஒன்று விண்டோஸ். இன்னொன்று 'பாஸ்'. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இயங்குதளம் அது.

அந்த இரண்டாவது வரி என்ன என்று பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை. ஆசிரியர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. சமூகவியலில் முதுகலை படித்த எங்களுக்கும் தெரியாது. கடைக்குக் கொண்டுபோனால், "இது எடத்த அடைக்குது" என்று கடைக்காரர் அழித்துவிடுவார். அழித்துத் தந்ததற்குக் கூலியும் கொடுத்தோம். பட்டாவைத் தேடி அலைகிற நாம், கையில் வந்த பட்டாவைக் காசு கொடுத்துக் கிழித்தோம் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அந்த இரண்டாவது வரிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், அங்கே புதிதாக வந்த பிரிண்டரின் மென்பொருளில் ஒரு சிறு மாற்றம் செய்ய விரும்பினார். முந்தைய பிரிண்டரில் அவர் செய்திருந்த மாற்றம்தான். இந்த முறை மூலநிரலைத் தர மறுத்துவிட்டார்கள். 1983-இல் 'குனு' என்ற பெயரில் யாரும் பூட்ட முடியாத ஓர் இயங்குதளத்தை எழுதப்போவதாக அவர் அறிவித்தார். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருநிரல் அதோடு சேர்ந்தது. இன்று லினக்ஸ் என்று நாம் பொதுவாகச் சொல்வது இந்தக் கூட்டு உழைப்பைத்தான்.

ஸ்டால்மன் வகுத்த நான்கு சுதந்திரங்களை நம் மொழியில் சொன்னால் இவ்வளவுதான். எந்தக் காரியத்துக்கும் ஓட்டலாம். உள்ளே பார்த்து, கற்று, மாற்றலாம். அடுத்தவருக்குப் பிரதி கொடுக்கலாம். மாற்றியதையும் மற்றவர்களோடு பகிரலாம். இதைத் தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்று பெயர்த்தவர்கள் நன்றாக யோசித்திருக்கிறார்கள். 'இலவசம்' என்று சொல்லியிருந்தால் கதை வேறு பக்கம் போயிருக்கும். இலவசம் என்றால் கொடுப்பவர் கை மேலே, வாங்குபவர் கை கீழே. இங்கே பேச்சு விலையைப் பற்றியது அல்ல.

பெரியவர் கேட்ட கேள்வி

பக்கத்துக் காலனியைச் சேர்ந்த, பொறியியல் படிக்கும் ஒரு தம்பி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தார். லினக்ஸ் மின்ட் இருந்த ஒரு பென்டிரைவ் கொண்டுவந்தார். இரண்டு கணினிகளுக்கு மட்டும் ஹார்ட் டிஸ்க்கை மாற்ற வேண்டியிருந்தது. மற்றவை அப்படியே உயிர் பெற்றன. பிளஸ் ஒன் படிக்கும் ஒரு மாணவி, "இத எங்க சித்தி வீட்டுக் கம்ப்யூட்டர்லயும் போடலாமாக்கா? யாராவது கேப்பாங்களா?" என்றாள். யாரும் கேட்க மாட்டார்கள், எடுத்துப் போ என்றோம். அவளுக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

அவளுக்காகத்தான் அந்தத் தம்பி உரிமத்தை விளக்கினார். இதன் பெயர் ஜி.பி.எல். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் ஒரு கண்டிஷன்: அடுத்தவருக்குக் கொடுக்கும்போது மூலநிரலோடு, இதே உரிமைகளோடு கொடுக்க வேண்டும். எடுத்துக்கொண்டு பூட்டிவிட முடியாது.

திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பஞ்சமி நில வழக்குக்காக ஆண்டுக்கணக்கில் தாலுகா அலுவலகம் நடந்தவர். "அப்ப டி.சி. நெலம் மாதிரின்னு சொல்லு" என்றார்.

எங்களில் யாருக்கும் அது வரை தோன்றாத ஒப்புமை அது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், அங்கிருந்த பறையர் மக்களின் நிலையை விரிவாக எழுதி அரசுக்கு அனுப்பினார். அதன் தொடர்ச்சியாக 1892-இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அதுவே பஞ்சமி நிலம், பதிவேட்டில் டி.சி. நிலம். அந்த நிலத்தை முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். வறுமையைப் பயன்படுத்தி வசதியுள்ளவர் வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கண்டிஷன். உரிமையைக் கொடுப்பதோடு, அந்த உரிமை கைவிட்டுப் போகாமல் இருக்கவும் நிபந்தனை வைத்தார்கள். ஜி.பி.எல். செய்வதும் இதையேதான்.

பெரியவர் அதோடு நிறுத்தவில்லை. "கண்டிஷன் அதுலயும் இருந்துச்சு தம்பி. நெலம் எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டு பீடியைப் பற்றவைத்தார்.

தம்பியிடம் பதில் இல்லை. எங்களிடமும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி இல்லாமல் மென்பொருள் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவது அரைகுறைப் பேச்சு என்று அன்று புரிந்தது.

நிபந்தனைக்குக் காவல் யார்?

எல்லாத் திறந்த மூல உரிமங்களும் ஜி.பி.எல். போன்றவை அல்ல. கண்டிஷன் இல்லாமல், யாரும் எடுத்து எதுவும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிடும் உரிமங்களும் இருக்கின்றன. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பி.எஸ்.டி. உரிமம் அப்படிப்பட்டது. ஆப்பிளின் மேக் இயங்குதளத்தின் அடித்தளத்தில் அந்த நிரல்கள் இருக்கின்றன. அதன் மேல் ஆப்பிள் கட்டிய மாளிகையின் பெரும்பகுதிக்குப் பூட்டு போட்டாயிற்று. சட்டப்படி அதில் தவறே இல்லை. 'நிபந்தனை இல்லாததுதான் முழுச் சுதந்திரம்' என்று இதற்கு வாதிடுபவர்கள் உண்டு. பலமானவனுக்கும் பலவீனனுக்கும் நடுவில் நிபந்தனை இல்லாத சந்தை யாருக்குச் சுதந்திரம் தரும் என்பதை நிலம் இழந்த மக்களிடம் கேட்டால் தெரியும்.

நம் எல்லார் கையிலும் இருக்கும் ஆண்ட்ராய்டு போனைப் பாருங்கள். அதன் கருநிரல் லினக்ஸ்தான். அதற்கு மேலே பிளே ஸ்டோரும் கூகுள் சேவைகளும் மூடிய மென்பொருள்கள். கம்பெனி அப்டேட்டை நிறுத்தினால் போனுக்கும் அக்டோபர் 14 வந்துவிடும். நிலம் நம் பெயரில் இருக்கிறது, கேட்டின் சாவி மட்டும் வேறொருவர் இடுப்பில் தொங்குகிறது.

ஆனால் நிபந்தனை வென்ற கதையும் உண்டு. லிங்க்சிஸ் நிறுவனம் விற்ற ஒரு வைஃபை ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை 2003-இல் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். நிறுவனம் ஜி.பி.எல். நிபந்தனைப்படி மூலநிரலை வெளியிட்டிருக்கவில்லை. விடாமல் கேட்டார்கள். வேறு வழியின்றி வெளியிட்டார்கள். அதிலிருந்து 'ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.' என்ற கட்டற்ற இயங்குதளம் பிறந்தது. கம்பெனிகள் கைவிட்ட எத்தனையோ ரவுட்டர்களை அது இன்றும் ஓட வைக்கிறது. 2004-இல் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் இன்னொரு வழக்கில் ஜி.பி.எல். நிபந்தனை செல்லும் என்று உத்தரவிட்டது.

அங்கே என்ன நடந்தது? நிபந்தனை இருப்பதை அறிந்தவர்கள் இருந்தார்கள். மீறலைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். வழக்கு போட வழி இருந்தது. கேட்டதற்காக யாரும் அவர்களைச் சுடவில்லை.

இங்கே பஞ்சமி நிலத்துக்கு என்ன நடந்தது? நிபந்தனை எழுதிய பதிவேடு யார் கையில் இருந்ததோ, அவர்களும் நிலத்தை எடுத்தவர்களும் பெரும்பாலும் ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள். நிலம் பெற்றவருக்கு அந்த நிபந்தனையைப் படிக்கக் கற்றுத் தந்தவர் இல்லை. 1994 அக்டோபரில் காரணைப் பஞ்சமி நிலத்துக்காகப் போராடியபோது செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். நிபந்தனை காகிதத்தில் இருக்கலாம், ஆனால் காகிதம் தானாகக் காவல் நிற்காது. அதைப் படிக்கத் தெரிந்த, மீறும்போது எழுந்து கேட்கும் மக்கள் வேண்டும். பெரியவரின் கேள்விக்கு இதுதான் எங்கள் பதில்.

நமக்குள் சில உண்மைகள்

லினக்ஸ் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். பிரிண்டர் இரண்டு வாரம் ஓடவில்லை. வக்கீல் அலுவலகத்திலிருந்து பழைய தமிழ் எழுத்துருவில் வந்த மனுக்கள் திரையில் கிறுக்கலாகத் தெரிந்தன. டேலி பழக வேண்டிய பிள்ளைகளுக்கு விண்டோஸ்தான் வேண்டும். ஒரு கணினியில் மட்டும் இணைய இணைப்பு இல்லாமல் அதை வைத்திருக்கிறோம். நாளை வேலைக்குப் போகும் இடத்தில் விண்டோஸ் இருக்கும்போது, எங்கள் கொள்கைக்காக ஒரு பிள்ளையின் சம்பளத்தைப் பணயம் வைக்க எங்களுக்கு உரிமை இல்லை. கொள்கைச் சுத்தம் பேச வசதியுள்ளவர்களால் முடியும்.

இந்தக் கட்டற்ற உலகமும் சாதி கடந்தது அல்ல. மூலநிரல் யாருக்கும் திறந்திருக்கிறது என்கிறார்கள். திறந்த கதவுக்குள் நுழைய ஆங்கிலம் வேண்டும், இணையம் வேண்டும், கூலிக்குப் போகாமல் மாலையில் உட்கார்ந்து எழுத நேரம் வேண்டும். அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது, தேநீர்க் கடையில் தனி டம்ளர் அதற்குப் பிறகும் இருந்தது. எழுத்தில் இருக்கும் சுதந்திரத்துக்கும் கைக்கு எட்டும் சுதந்திரத்துக்கும் நடுவில் உள்ள தூரம் நமக்குப் புதிதா என்ன?

பாதுகாப்பைப் பற்றியும் மிகைப்படுத்த வேண்டாம். பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் கணினியில் தீய மென்பொருள் வழியாகக் கோப்புகள் வெளியிலிருந்து திணிக்கப்பட்டன என்று அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் 2021-இல் அறிக்கை தந்தது. நம் திருச்சி மாவட்டத்தில் பிறந்த ஸ்டேன் சாமியின் கணினியைப் பற்றியும் பின்னர் அதே போன்ற அறிக்கை வந்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை. லினக்ஸ் இருந்திருந்தால் தப்பியிருப்பார்கள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். குறிவைத்து வருபவனுக்கு எந்தக் கதவும் கதவுதான். ஆனால் பாதிக்கப்பட்ட பெண்களின் வாக்குமூலங்களை வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள், அப்டேட் நின்றுபோன கிராக் விண்டோஸில் அவற்றை வைத்திருந்தது பெரிய பொறுப்பின்மை. அதை ஒப்புக்கொள்கிறோம். இந்த மாற்றத்தில் எங்களுக்கு மிக அவசரமாகப் பட்டது இதுதான்.

இவ்வளவையும் சொன்ன பிறகும் நாங்கள் கட்டற்ற மென்பொருளின் பக்கம்தான் நிற்கிறோம். காரணம் எளிமையானது. அங்கே குறைகளைச் சரிசெய்ய நமக்கு அனுமதி தேவையில்லை. 2000-ஆம் ஆண்டு வாக்கில், உலகின் பல நாடுகளில் இருந்த தமிழர்கள் சேர்ந்து லினக்ஸின் கே.டி.இ. பணிமேடையைத் தமிழாக்கினார்கள். தமிழில் வேண்டும் என்று எந்தக் கம்பெனிக்கும் மனு எழுதவில்லை, தாங்களே செய்தார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கியதும், அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியதும், அண்ணல் 1920-இல் 'மூக்நாயக்' தொடங்கியதும் எதற்காக? அடுத்தவர் பத்திரிகையில் இடம் கேட்டு நிற்கக் கூடாது என்பதற்காக. இன்று நம் எழுத்து பிறக்கும் கருவி கணினி. அது யார் விருப்பப்படி நிற்கும், யார் விருப்பப்படி ஓடும் என்பது நம் அரசியல் கேள்விதான்.

என்ன கேட்கிறோம்

கேரளத்தில் 2000-களில் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றினார்கள். ஆசிரியர் அமைப்புகள் அதற்காகப் போராடின, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. அதனால் அது நிலைத்தது. தமிழ்நாட்டிலும் 2007 வாக்கில் எல்காட் நிறுவனத்தை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார் அதன் அன்றைய மேலாண்மை இயக்குநர் சி. உமாசங்கர். ஒரு தலித் அதிகாரி செய்த முன்னோடிப் பணி இது என்பதை நம்மவர்களே மறந்துவிட்டோம். பெங்களூருவின் ஒரு குடிசைப் பகுதியில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் அந்தப் பகுதி மக்களும் சேர்ந்து, பழைய கணினிகளைக் கொண்டு அம்பேத்கர் பெயரில் ஒரு சமுதாயக் கணினி மையத்தை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். முடியாத காரியம் எதுவும் இல்லை.

அரசிடம் நாங்கள் கேட்பது இரண்டு. ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கும் பள்ளிகளுக்கும் கணினி கொடுக்கும்போது, அந்த இரண்டாவது வரியைப் போட்டுத் தருவதோடு நிற்காமல் அதைச் சொல்லித்தர ஆள் போடுங்கள். 2011-இல் வரி வந்தது, வாத்தியார் வரவில்லை. அடுத்தது, மக்கள் பணத்தில் எழுதப்படும் அரசு மென்பொருள்களின் மூலநிரலை மக்களுக்குத் திறந்து வையுங்கள். சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் நாம் விண்ணப்பிக்கும் இணையதளம் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் உரிமை நமக்கு வேண்டும்.

படிப்பு மையம் நடத்தும் தோழர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. ஏழையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஒன்றில் தொடங்குங்கள். அதோடு, அதன் உரிமம் என்ன சொல்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, நிபந்தனையைப் படிக்கத் தெரிய வேண்டும்.

அந்த பிளஸ் ஒன் மாணவி சித்தி வீட்டுக் கணினியில் லினக்ஸ் போட்டுவிட்டாள். போன வாரம் வந்து, இன்னும் இரண்டு வீட்டில் கேட்கிறார்கள், பென்டிரைவ் வேண்டும் என்றாள். கொடுத்தோம். பெரியவர் திண்ணையில் இருந்தபடி, "அந்தக் கண்டிஷன சொல்லிக் குடுத்தியா?" என்று அவளிடம் கேட்டார்.

"சொன்னேன் தாத்தா" என்றாள்.

ஜெய் பீம்.